வைத்தியரைச் சோதிக்கப் போன வயிறு

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களிடம், அதாவது டச்சுக்காரர்களிடம், நான் எழுத்தனாக இருந்த காலத்தில், எனக்கு இரண்டு திறமைகள் உண்டு என்று சொல்வார்கள். யாரைக் கண்டாலும் கேலி செய்வேன். எதைக் கண்டாலும் பயப்படுவேன். முதல் திறமையை நானே ஊருக்குக் காட்டிக்கொண்டேன். இரண்டாவதை ஊர் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் படகுக்காரன் ஒருவனுக்கு அப்போது கெண்டைக்காலில் திருக்கை மீனின் முள் குத்திவிட்டது. புண் பழுத்து, கால் பூசணிக்காய் போல வீங்கியது. கோட்டையின் ரணவைத்தியர் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்றார். அவர் கெட்டவர் அல்ல. போர்க்கப்பலில் தொழில் கற்றவர்; அங்கே ஒரு காலைப் பற்றி இரண்டு நாள் யோசிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஆனால் படகுக்காரனுக்கு யோசிக்க ஒரு கணம் போதுமாக இருந்தது. மறுநாளே கூட்டாளிகளின் தோளில் தொங்கிக்கொண்டு, ஏரிக்கு அக்கரையில் மீன்பிடிக் குப்பத்தில் இருந்த வைத்தியரின் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கோட்டைத் துரை என்னைக் கூப்பிட்டார். அந்தக் கொட்டகையில் வைத்தியம் ஒழுங்காக நடக்கிறதா என்று நேரில் பார்த்து, மறுநாள் காலைக்குள் எழுதித் தரவேண்டும். ஒழுங்காக நடந்தால் கால் அவனிடமே இருக்கும். இல்லாவிட்டால் ஆளைத் தூக்கிவந்து ரணவைத்தியரின் மேசையில் கிடத்திவிடுவார்கள்.

கோட்டை ஆளாகப் போய் நின்றால் வைத்தியர் உஷாராகிவிடுவார், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் நோயாளியாகப் போவது என்று முடிவு செய்தேன். தலைப்பாகையைக் கழற்றினேன். பழைய வேட்டி ஒன்றைக் கட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிப் பழகினேன். என் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டு படகில் ஏறினேன்.

ஓலைக் கொட்டகை. நாலைந்து பேர் பாயில் கிடந்தார்கள். மூலையில் ஒரு பானையில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். பேச்சே வராதவர் போல இருந்தார். என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கண்ணை மூடினார். திறந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் மூடினார்.

"கூட யாரு வந்துகீறாங்க?" என்றார்.

ஏரியைச் சுற்றிய ஊர்களில் எல்லாரும் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. அந்த வைத்தியர் நோயாளியிடம் நோயைச் சொல்ல மாட்டார். கூட வந்தவரைத் தனியாக அழைத்து, அவரிடம்தான் சொல்வார். அதனால் தலைவலிக்குப் போனால்கூட வீட்டு ஆளோடுதான் போவார்கள். இது எனக்கும் தெரியும். வேவு பார்க்கப் போகிறவன் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டா போவான் என்று நினைத்துவிட்டேன்.

"யாரும் வரலீங்க. நீங்க எங்கிட்டயே சொல்லலாம்" என்றேன்.

"ஊட்டுக்காரிய இட்டுனு வா."

"நாளைக்கி வரட்டுமா?"

"இன்னிக்கே வா" என்றார்.

இன்னிக்கே! அந்த ஒரு சொல்லில் என் வயிறு நிஜமாகவே வலிக்கத் தொடங்கியது. காலையில் நான் கற்பனையில் வைத்த அதே இடம், தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி. எழுந்து படகுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

படகு தள்ளுகிறவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஆள இட்டாரச் சொன்னாரா?"

"ஆமா."

"இன்னிக்கேவா?"

"ஆமா."

"ச்சூ" என்றான். அதோடு பேச்சை நிறுத்தி, வழக்கமாகத் தள்ளுவதைவிட மெதுவாக, பூப்போல, அலை தெறிக்காமல் தள்ளினான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. கரை வருவதற்குள் என் பேனாக்கத்தியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கோட்டையில் இனி என் எழுத்தை யாராலும் படிக்க முடியாதே என்று நினைத்து, கண்ணில் நீர்கூட வந்தது. நான் இருந்தபோதும் யாராலும் படிக்க முடிந்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் என் மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இப்பவேவா?" என்றாள். "இன்னும் ஒரு கூடை கீதே."

"அடியே, நான் சாவப்போறேன்."

"போன மாசம் கொசு கடிச்சப்பவும் இதத்தான் சொன்ன. குந்து. உரிச்சிட்டு வரேன்."

கடைசி இறால்வரை உரித்துவிட்டுத்தான் எழுந்தாள். திருப்பாலைவனம் என்ற பக்கத்து ஊர்ப் பெண், வயலில் வேலை பாதியில் நிற்கக்கூடாது என்று வளர்ந்தவள்.

கொட்டகையில் வைத்தியர் அவளை மூலைக்கு அழைத்துப் போனார். எனக்கு இருவருடைய முதுகும் மட்டுமே தெரிந்தன. என் வாழ்நாளில் எந்த எழுத்தையும் அந்த இரண்டு முதுகுகளைப்போல உற்றுப் படித்ததில்லை. வைத்தியர் ஏதோ நீளமாகச் சொன்னார். பேச்சு வராதவர் இவ்வளவு பேசினால் நோய் எவ்வளவு பெரிதாக இருக்கும்! என் மனைவியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பாவம், நல்லவள்.

திரும்பி வந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நோவும் கெடையாதாம். பயந்தவன் நாடின்னாரு. விரல்ல மசி கீதாம், ராத்திரியும் பகலும் எழுதற விரலாம். கோட்டையிலர்ந்து கால் பாக்கத்தான் வந்துகீறாருன்னு வந்தப்பவே தெரிஞ்சிச்சாம்."

"அப்ப எதுக்கு ஆள இட்டார சொன்னாரு?"

"நீ அந்தக் காலுக்குப் பக்கத்துலயே ஒரு நாழிகை குந்திகினு இருந்தியாம். ஒருவாட்டிகூடத் திரும்பிப் பாக்கலையாம். 'உன் ஊட்டுக்காரன் பாக்க மாட்டான்மா, நீயாவது வந்து பாரு'ன்னு சொல்றாரு."

திரும்பினேன். பக்கத்துப் பாயில், கெண்டைக்காலில் வேப்பிலை கட்டிக்கொண்டு, படகுக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வணக்கம் எழுத்தரே. வவுறு இப்ப தாவலையா?" என்றான்.

கட்டை அவிழ்த்தார் வைத்தியர். நான் கூரையைப் பார்த்தேன். என் மனைவி குனிந்து, மீன் வாங்கும்போது செவுளை முகர்வதைப்போல, புண்ணை முகர்ந்தாள்.

"நாத்தம் இல்ல. ஓரமெல்லாம் செவப்பா புதுச்சதை வந்துகீது. கட்டற துணி கொதிக்கவெச்ச துணி, நான் பாத்தேன். ஒரு ஆளத் தொட்டா கை கழுவிட்டுத்தான் அடுத்த ஆளத் தொடறாரு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். படகுக்காரனின் கேலி மட்டும் அதற்குள் நின்றுவிட்டது. "எழுத்தரே, நல்லா எழுதுங்க. கால் இல்லாதவன யாரும் படகுல ஏத்த மாட்டாங்க" என்றான், மெதுவாக.

மறுநாள் காலை துரைக்கு முன்னால் படித்தேன். ரணவைத்தியரும் இருந்தார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். புண் ஆறுகிறது என்பதை நானே கண்ணால் பார்த்தேனா?

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த நிறம், எவ்வளவு ஆழம் என்று அடுத்த கேள்வி வரும். கூரையின் நிறம்தான் எனக்குத் தெரியும். பொய் பிடிபட்டால் கால் போய்விடும். அதனால் பழைய வேட்டி, முனகல், படகில் வந்த அழுகை, ஒரு கூடை இறால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூக்கு என் மனைவியுடையது என்பதையும் சொன்னேன்.

துரை மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ரணவைத்தியர் சிரிக்கவில்லை. "உனக்கு அவர் என்ன மருந்து கொடுத்தார்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை. நோய் இல்லை என்று அனுப்பிவிட்டார்."

ரணவைத்தியர் என் தாளை வாங்கி மடித்து வைத்தார். வயிற்றுவலி என்று நீ என்னிடம் வந்திருந்தால் இரண்டு கிண்ணம் ரத்தம் எடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, பத்து நாள் பொறுக்கலாம் என்று துரையிடம் தலையசைத்தார். துரை ஒரு நிபந்தனை போட்டார். பத்து நாளும் நான் போய்ப் பார்க்கவேண்டும். கண்ணைத் திறந்துகொண்டு.

முதல் நாள் மயங்கி விழுந்தேன். இரண்டாம் நாள் உட்கார்ந்துகொண்டு மயங்கினேன். அது முன்னேற்றம் என்றார் வைத்தியர். ஆறாம் நாள் புண்ணின் அடி தெரிந்தது, ஈரமில்லாமல். ஒன்பதாம் நாள் படகுக்காரன் காலை மண்ணில் ஊன்றினான். பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் என் தோளைப் பிடித்தான். கொட்டகை வாசலிலிருந்து தண்ணீர்வரை முப்பது அடி இருக்கும். பாதி தூரத்தில் நின்றான்.

"இன்னா எழுத்தரே, நடுங்கறே? வுழப்போறது நானாச்சே."

"வுழுவியா?"

"நீ நடுங்கனா வுழுவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் என் தோளை விட்டுவிட்டு, மீதித் தூரத்தைத் தனியாக நடந்து, முழங்கால் நனையும்வரை ஏரிக்குள் போய் நின்றுகொண்டான்.