மேல் தண்ணீர்

வார்டர் உடுப்பு போட்ட முதல் சில வருஷங்கள் எனக்குக் கடற்கரையோரத்துச் சின்ன ஜெயில் ஒன்றில் கழிந்தன. வெள்ளைக்காரன் போயிருந்தான், பூட்டும் சாவியும் அவன் காலத்தவைதான். விசாரணைக் கைதிகள் வருவார்கள், போவார்கள். போகாமல் இருந்தவர் ஒருவர்தான். ஆயுள் தண்டனை. சமையலுக்கும் தண்ணீருக்கும் ஆள் வேண்டும் என்று மதுரைப் பெரிய ஜெயிலிலிருந்து அனுப்பியிருந்தார்கள். சிக்கல் ஊர்ப் பக்கத்து வயல்காட்டுச் சம்சாரி. கண்மாய் மடையில் முறைத் தண்ணீருக்கு நடந்த சண்டையில் பங்காளியை மண்வெட்டியால் வெட்டிவிட்டு வந்தவர். யாராவது கேட்டால், "தண்ணிக்குத்தான்" என்பார்.

ஜெயில் கிணறு உப்பு. சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் மணலில் ஊத்து உண்டு. இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் கசியும். மேலே நிற்கிற ஒரு சாண்தான் நல்ல தண்ணீர்; அடியில் இருப்பது கடல். குத்தவைத்து உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் மேலாக, கலங்காமல் மொள்ள வேண்டும். அவசரப்பட்டு வாளியை இறக்கினால் அடித்தண்ணீர் மேலேறி, குழி பல நாளைக்கு உப்புக் கரிக்கும்.

வயல்காட்டு மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்? வந்த அன்றே வாளியைப் போட்டார். குடத்தோடு நின்ற மீன்காரப் பெண்களில் ஒருத்தி, "ஏண்ணே, ஆளக் கொன்னது பத்தாதா, தண்ணியையும் கொல்லணுமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பு கூசியது. அவர் தலையைக் குனிந்தபடி அவளிடமே ஒரு சிரட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்குள் நாலு குழி ஆயிற்று. இரண்டு குழியில் மொள்ளுவது, இரண்டு ஊறுவதற்காகத் தூங்குவது. மணல் சரியாமல் பனைமட்டை வைத்து அடைத்தார். கதவைப் பூட்டும்போது, "அய்யா, நாளைக்கு மூணாங் குழிய எழுப்பணும்" என்பார், பிள்ளையை எழுப்பச் சொல்வதுபோல.

ஊத்தில் பெண்களுக்குள் முறைச் சண்டை ஓயாது. அதைத் தீர்க்கிற வேலை அவர் தலையில் எப்படி வந்தது என்று எனக்கு நினைவில்லை. யாராவது முந்தினால் ஒன்றும் பேசமாட்டார். சிரட்டையைக் கீழே வைத்துவிடுவார். அவள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போன பிறகுதான் கை அசையும். பிள்ளை பெற்ற வீட்டுக் குடம் முதலில், எங்கள் ஜெயில் பானை கடைசியில். நான் முகம் சுளித்தால், "சர்க்காரு காத்திருக்கும்யா, பச்சப்புள்ள காத்திருக்குமா?" என்பார்.

விடுதலைக்கு மனுப் போடலாமே என்று ஒருநாள் கேட்டேன். ஊரில் வெட்டுப்பட்டவன் வீடும் தன் வீடும் ஒரே சுவர் என்றார். பிறகு, "பெரிய ஜெயில்ல நான் நம்பரு. இங்கன வந்துதான்யா ஆளானேன். திருப்பி மட்டும் அனுப்பிராதீங்க" என்றார். ஏதோ என் கையில் இருப்பதுபோல.

என் கையில்தான் இருந்தது. கைதியை விட்டு வார்டர் கண்ணை எடுக்கக்கூடாது என்பது சட்டம். எனக்கோ அவர்மேல் நம்பிக்கை. அதைவிட அலுப்பு அதிகம். மணலில் எவ்வளவு நேரம் நிற்பது? ரோட்டோரத்து டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். மழை பொய்த்த அந்தக் கோடையில் பக்கத்துக் குப்பத்துப் பெண்களும் ஊத்துக்கு வந்தார்கள். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது அங்கே குடங்கள் மோதின. விலக்கப் போனவர் நெற்றியில் ஒரு பானை உடைந்தது. ஒரு பெண்ணுக்குக் கையில் வெட்டு. நான் ஓடி வந்து சேர்வதற்குள் ஜெயிலர் காதுக்குப் போய்விட்டது.

நீ எங்கே இருந்தாய், எழுதிக் கொடு என்றார் ஜெயிலர். வீட்டில் என் மனைவிக்கு அது நிறைமாதம், வேலை போனால் கதியில்லை. கைதி என் சொல்லை மீறிப் பெண்கள் கூட்டத்துக்குள் போனான், தடுத்தும் கேட்கவில்லை என்று எழுதினேன். அதை நானே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நெற்றிக் கட்டோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். "நாளைக்கு யாருய்யா மொள்ளுவா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் விலங்கு போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

தண்ணீருக்கு வேறு கைதிகள் வந்தார்கள், வாளியோடு. சீக்கிரம் முடித்துவிட்டு நிழலுக்கு வர அவர்களுக்கு அவசரம், எனக்கும்தான். ஒரு வாரத்தில் நாலு குழியும் கரித்தன. பெண்கள் என்னோடு பேச்சை விட்டார்கள். முதல்நாள் அவரைக் கேட்டாளே, அவள் மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நீங்க எழுதுனதத்தான் இப்பக் குடிக்கிறோம்" என்றாள். வீட்டுக்குப் போனால் மனைவி முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. சோறு கரிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஜெயிலர் முன்னால் போய் நின்று, டீக்கடையில் இருந்தேன் என்று சொன்னேன். அவர் மேசையில் காப்பி திரிந்துபோய் இருந்தது.

"இத்தன நாள் கழிச்சு எதுக்குய்யா சொல்ற?"

"தண்ணி கெட்டுப்போச்சுங்கய்யா."

அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "அது எனக்கும் தெரியுது" என்றார். அந்த மனுஷரைத் திருப்பிக் கேட்டு மதுரைக்குக் கடிதம் போனது நியாயத்துக்காகவா, காப்பிக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். எனக்குத் திருவாடானைக்கு மாற்றல் வந்தது, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு சிவப்பு மை வரியோடு.

நான் கிளம்புகிற அன்றுதான் அவரைக் கொண்டுவந்தார்கள். டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்லத்தான் ஒரு பஸ்ஸை விட்டிருந்தேன். மெலிந்திருந்தார். விலங்கை அவிழ்த்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"எந்தக் குழியில வாளி போட்டாங்க?"

"நாலுலயும்."

"நாலுலயுமா?"

என்னைப் பார்த்தார். கைநாட்டு வைத்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்ததைத் தொடங்குவதற்குள் அவர் திரும்பி, புதிதாக வந்திருந்த வார்டரிடம், பத்து நாளைக்கு ஒரு குழியையும் ஒருத்தரும் தொடக்கூடாது, தள்ளி அஞ்சாவது தோண்டணும், மம்பட்டி வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுள் கைதி கையில் மண்வெட்டியைக் கொடுக்கலாமா என்று அந்த வார்டர் என் முகத்தைப் பார்த்தான்.

கொடு என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.