அகரம் கிணற்றில் என்னைப் பிடித்த கை

பேய், ஜின் என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்று சொல்லிவிடுவேன். திண்டுக்கல்லைச் சுற்றி நான் இறங்காத கிணறு குறைவு. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, உள்ளே விழுந்த மோட்டாரை எடுப்பேன், சில நாள் பிணத்தையும் எடுப்பேன், ஒரு பிணமும் என்னிடம் பேசியதில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

இது நடந்தபோதே எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆழத்தில் காது அடைத்துக்கொள்ளும், ஏறும்போது முழங்கால் நடுங்கும். மேலே கயிறு பிடிப்பவள் என் மனைவி மும்தாஜ். வேறு எவனையும் நம்பிக் கொடுக்க மாட்டேன், எல்லாம் செல்போன் நோண்டுகிற கூட்டம். இடுப்புக் கயிறு இறுகினால் நான் தூக்கச் சொல்கிறேன் என்று அர்த்தம், அவள் இழுப்பாள்.

அன்று அகரத்தில் ஒரு பூந்தோட்டக் கிணறு, பட்டப்பகல். தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாய், தலையெல்லாம் நரைச்சுப்போச்சு, எறங்கிருவீகளா?" என்றார்.

"நரைச்சது தலைதான்யா, மூச்சு நரைக்கல. வேணும்னா நீ எறங்கு."

"இவுகள சீண்டாதீக, ரோசம் வந்தா அப்படியே குதிச்சிருவாக," என்றாள் மும்தாஜ். பிறகு என் காதோடு, "இன்னைக்கும் காதுல ரத்தத்தோட வந்தீகன்னா சிலிண்டர வித்துருவேன்," என்றாள். சொன்னால் செய்துவிடுவாள். இதை விட்டால் வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போட வேண்டியதுதான், எனக்கு வேறு எதுவும் பிடிக்காது.

அடியில் கலங்கல், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. மோட்டாரைத் தடவிக் கண்டுபிடித்து, கொக்கியை மாட்டித் திரும்பும்போது என் கயிறு குழாயில் சுற்றி இறுகிவிட்டது. மேலே இருந்தவளுக்கு அது நான் கூப்பிடுவது போல, அவள் இழுத்தாள். இழுக்க இழுக்க என்னைக் குழாயோடு சேர்த்துக் கட்டியது. முடிச்சு முதுகுப்பக்கம் போய்விட்டது, கத்தி சேற்றில் நழுவிவிட்டது, மூச்சு இழுக்க இழுக்கக் கனத்தது.

அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

மீன், வேர் என்று என்னவாவது சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெதுவெதுப்பாக, தோல் தொளதொளவென்று தொங்கிய கிழட்டுக் கை, மோதிர விரல் பாதிதான் இருந்தது. அது என் முதுகுப்பக்கம் போனது. நான் போடும் முடிச்சை இழுத்தால் இறுகும், உள்ளே தள்ளித்தான் அவிழ்க்க வேண்டும், மும்தாஜுக்குக்கூட அதை நான் சொன்னதில்லை. அந்தக் கை ஒரே தள்ளில் அவிழ்த்தது. பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டு, போ என்று.

ஏறி வந்ததும், "யார எறக்கிவிட்ட?" என்று கத்தினேன்.

"யாரு எறங்குவா? இந்த மனுசன் எட்டிப் பாக்கவே பயப்படுறாரு," என்று தோட்டக்காரரைக் காட்டினாள். கயிறு தளர்ந்ததில் அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் முதலில் என் காதைத்தான் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை.

மோட்டார் மேலே வந்தது. வேறு யாரும் வரவில்லை.

நான் வேலையை விடவில்லை. சில வருடம் கழித்து, சிலிண்டருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரின் பெல்ட்டில் சிக்கி வலது மோதிர விரல் பாதி போனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்ததும் அந்த மொட்டை விரலைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்றாள் மும்தாஜ்.

"தோல் இன்னும் தொங்கல பாரு. எனக்கு இன்னும் காலம் கெடக்குடி," என்றேன். அல்லா மேல் சத்தியமாக, அன்றிலிருந்து வயதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கிழவனான பிறகும் இறங்குவேன் என்று தெரிந்துவிட்டது, வேறென்ன வேண்டும்?

இப்போதும் அடிக்குப் போனால் கலங்கலில் கையை நீட்டித் தடவுகிறேன். என்றைக்காவது ஐந்து விரலும் முழுசாக உள்ள ஒரு கை அகப்படும், முடிச்சைத் தள்ளி அவிழ்த்து அவனை மேலே அனுப்பிவிடுவேன், அதெல்லாம் சரி. ஆனால் அன்று எனக்குப் பின்னால் அந்தக் கிழவன் மேலே வந்ததை யாரும் பார்க்கவில்லையே.