ஒத்திகையில் கத்தியவள்

பிள்ளை பெற்ற அரைமணி நேரத்தில், இரத்தம் நிற்காமல் போய் என் அக்கா செத்தாள். வடக்குப்பட்டிலிருந்து வலி எடுத்ததுமே முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தோம். கட்டிலருகே நின்ற இளம் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார் பாத்துகினு நிக்கிறீங்க! எதனா பண்ணுங்க!" என்று கத்தினேன். அவர் அசையவில்லை.

சில வருடங்களில் நானே நர்ஸாகி அதே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருந்தார்; அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முதல் வாரமே அக்காவின் பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். 'மிகத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள்' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டாக்டரம்மா பெரிய டாக்டராக வந்தார். அவசர கேஸ் என்றால் டாக்டர்கள் பதறுகிறார்கள் என்று மாதம் ஒரு ஒத்திகை வைத்தார். ஆயா நோயாளியாகப் படுப்பாள். இரத்தத்துக்குச் சாயத் தண்ணீர்.

"பக்கத்துல சொந்தக்காரங்க கத்தணும். அப்பதான் பழக்கம் வரும்," என்றார்.

"நான் கத்துறேன் மேடம்," என்றேன். என்ன கேஸ் என்பதையும் நானே சொன்னேன்.

அந்த டாக்டரின் முறை வந்தது. ஆயாவின் போர்வைக்கடியில் சிவப்பு பரவ, அன்றைக்குக் கத்திய அதே வார்த்தைகளைக் கத்தினேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஊசி தரையில் விழுந்து உடைந்தது. மற்ற டாக்டர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேஸ் எப்ப வந்துது, டாக்டர்?" என்று டாக்டரம்மா கேட்டார். ஒத்திகையில் வழக்கமாகக் கேட்பதுதான். அவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"காலைல எட்டு மணிக்கே வந்துட்டா மேடம். இவருதான் லேட்டுன்னு எழுதி வச்சாரு. செத்தது எங்க அக்கா."

பல வருடப் பசி அடங்கின மாதிரி இருந்தது எனக்கு.

டாக்டரம்மா அக்காவின் கேஸ் ஷீட்டையும் அட்மிஷன் நோட்டையும் வரவழைத்து, நேரத்தை ஒத்துப் பார்த்து, அந்த டாக்டர் கையாலேயே திருத்தி எழுத வைத்தார். அதே ஒத்திகையை ஏழு தடவை செய்ய வைத்தார். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட உரக்கக் கத்தினேன். தொண்டை கட்டியது, விடவில்லை.

அடுத்த ஆடியில் தண்டலத்துப் பெண் ஒருத்திக்கு அதேபோல் இரத்தம் கொட்டியது. இந்தத் தடவை அந்த டாக்டர் உடனே ஊசி போட்டு இரத்தத்தை நிறுத்தினார். அவள் பிழைத்தாள்.

"சிஸ்டர், நீங்க அன்னிக்குக் கத்தினதாலதான்..." என்று தொடங்கினார்.

"உங்களுக்கு நல்லது பண்ண கத்தல சார்," என்றேன்.

நனைந்த துணிகளை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவரை மன்னிக்க மட்டும் மனசு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.