கண்ணைச் சுருக்கினால்தான் நான்

போன கிழமை டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, என் கண்ணுக்குள் நானே விரலை விட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்குக் கல்யாணம் வருகிறது. வீடியோவில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி பளிச்சிடக் கூடாதாம். ஆகவே கொன்டாக்ட் லென்ஸ்!

"அங்கிள், அந்தக் கோடு கீழ வரணும்," என்றாள் லென்ஸ் போடப் பழக்கிக்கொடுத்த கடைப் பிள்ளை.

அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் கோளாறு உள்ளவனின் லென்ஸுக்கு மேல் கீழ் உண்டு; அதைக் காட்டத்தான் அந்தக் கோடு. கொஞ்சம் சுழன்றாலும் உலகம் கலங்கிவிடும்.

"தெரியும் பிள்ளை. சண்டைக் காலத்திலேயே போட்டவன் நான்," என்றேன் பெருமையாக. பக்கத்திலிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிக்க மாட்டாளா என்ன?

அப்போது நாங்கள் ஆரையம்பதியில் புதுத் தம்பதி. இருவருக்கும் டவுனில் வேலை. வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். ஐசி என்ற அடையாள அட்டைப் படத்தில் எனக்குக் கண்ணாடி இல்லை. எனவே அங்கே கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் எனக்கு ஆமிக்காரரும் மணல்மூட்டையும் ஒன்றுதான். ஒருநாள் 'நில்' என்று காட்டிய கையை 'வா' என்று நினைத்து நடந்துவிட்டேன். துவக்கு நிமிர்ந்த சத்தம் மட்டும் வெகு தெளிவாகக் கேட்டது.

அன்றே மனைவி முடிவெடுத்தாள். கொழும்பில் அவளுடைய அண்ணன் வீட்டில் தங்கி, டொக்டரைப் பார்த்து, லென்ஸோடு திரும்பினோம்.

வேலைக்குப் போகும் காலை. முற்றத்து வெளிச்சத்தில் கதிரை போட்டு, விரல் நுனியில் லென்ஸோடு அவள் நின்றாள்.

"வீட்டு முகட்டப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இரிக்கன்."

"கண்ண இறுக்கி மூடிக்கிட்டு எந்த முகட்டப் பாக்கிறீங்க?"

ஒருவழியாக உள்ளே போனது. இமைத்தேன்... வீட்டுக்கு எதிரே வாவியில் வலை வீசுகிறவரின் தொப்பி கூடக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது! அவள் மூக்குத்தியை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

சாவடியில் நெஞ்சை நிமிர்த்தி அட்டையை நீட்டினேன். ஆமிக்காரர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டை.

"இது யாரு? தம்பியா?"

படம் பிடித்த நாளில், கண்ணாடி இல்லாமல் கெமரா எங்கே என்று தேடி, இரண்டு கண்ணையும் சுருக்கிக் கழுத்தையும் சரித்திருந்தேன். இப்போதோ ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறேன். வேறொருவன்தான்!

"அங்க இருங்க," என்று ஓரத்தைக் காட்டினார். அந்த ஓரத்தில் இருத்தப்பட்டவர்களில் சிலர் திரும்பப் பஸ் ஏறியதே இல்லை. லென்ஸைக் கழற்றிக் காட்டலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். லென்ஸுக்குப் பதிலாகக் கண்ணே கழன்றுவரும் போலிருந்தது. பஸ் வேறு ஹோர்ன் அடித்தது.

பெண்கள் வரிசையிலிருந்து மனைவியின் குரல்.

"இஞ்சேருங்க! கண்ணாடி இல்லாத மாதிரிப் பாருங்க!"

பார்த்தேன். கண்ணைச் சுருக்கி, கழுத்தைச் சரித்து, எதிரில் நிற்பவர் யாரென்றே தெரியாதவனைப் போல. ஆமிக்காரர் அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். சிரித்துவிட்டார். "ஆ... ஹரி, ஹரி!" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கையசைத்தார்.

பஸ்ஸில் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டவுன் வரும்வரை என் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"அங்கிள், தெளிவாத் தெரியுதா?" என்றாள் கடைப் பிள்ளை.

"நல்லாத் தெரியுது."

"பிறகேன் கண்ணச் சுருக்கிறீங்க?"

நானே அப்போதுதான் கவனித்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காக்கிச் சட்டையோடு கடைக் காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அவர் ஐசி கேக்கமாட்டார். கண்ணத் துறங்க."

திறந்தேன். ஒரு கண்ணை மட்டும்.