செல்வநாயகம் சேரின் வரவு இடாப்பு

இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. கனவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் கிளிநொச்சியில் நடந்தது.

என் பெயர் சிவரூபி. ஊர் ஒட்டுசுட்டான். தம்பி வினோதன் 2009 மார்ச்சில் காணாமல் போனான். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினார். இப்போது அம்மா படுத்த படுக்கை. டொக்டர் கையை விரித்துவிட்டார். அவர் கண்ணை மூடுவதற்குள், அவன் இருக்கிறானா இல்லையா என்று ஒரு பதில் வேண்டும். அதற்காக நான் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை.

கிளிநொச்சியில் ஒரு நூலகம் பழைய ஏடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. பதுங்குகுழியில் அகப்பட்ட, பிள்ளைகளின் வருகையைப் பதியும் ஒரு வரவு இடாப்பும் அங்கே வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போரில் இடம்பெயர்ந்த வழியெல்லாம் மரத்தடியில் பள்ளிக்கூடம் நடத்திய செல்வநாயகம் சேரின் இடாப்பு. தம்பி கடைசியாகப் படித்தது அவரிடம்தான். நான் அவரைக் கண்டதே இல்லை.

பொறுப்பாக இருந்த மேனுகா என்ற பிள்ளை கையைக் கழுவச் சொன்னாள். பேனையை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தந்தாள். "ஆறுதலாப் பாருங்கோ அக்கா" என்று வாசலில் போய் இருந்தாள்.

வந்த பிள்ளைக்கு 1. வராத பிள்ளைக்கு 0. தம்பிக்கு மார்ச் 6 வரை 1. பிறகு 0… 0… 0. மார்ச் 20 உடன் எழுத்து முடிந்தது. மிச்சமெல்லாம் வெறும் கட்டங்கள்.

மணி 2.10. கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.

காற்றே இல்லை. ஆனால் ஒரு தாள் புரண்டது… சரக்.

எதிர்க் கதிரையில் ஒருவர். வெள்ளைச் சேட் போட்டிருந்தார். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அவர் சேட்டுக் கையிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஆரைத் தேடுறீர், பிள்ளை?"

"தம்பியை, ஐயா. வினோதன்."

இடாப்பைத் தன் பக்கம் இழுத்தார். பென்சிலை எடுத்தார். கிர்… கிர்… ஒவ்வொரு பெயராக இறங்கினார்.

"இண்டைக்கு வந்திருக்கிறான்."

பறித்துப் பார்த்தேன். புதுக் கட்டம். மேலே பெப்ரவரி 11, அன்றைய திகதி. வினோதன்… 1.

"எங்க ஐயா? எங்க நிக்கிறான்?"

கதிரை வெறுமை.

2.14.

இடாப்போடு வெளியே ஓடினேன். போன் எடுத்தேன். "அம்மா! தம்பி இருக்கிறான்!" பதினாறு வருடத்துக்குப் பிறகு அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்… பாவி.

உள்ளே வந்தவர் யார் என்று கேட்டேன். "உள்ளுக்கு ஒருத்தரும் போகேல்லை அக்கா" என்றாள் மேனுகா. இடாப்பைக் காட்டினேன். அவள் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தாள்.

"இது சேரின்ட எழுத்து… சேர் செத்திட்டார் அக்கா. மார்ச் இருவது, ஷெல் விழுந்து. நானும் அந்த வகுப்புத்தான். என்ர கண்ணுக்கு முன்னால…"

அவள் விரல் பெயர்களில் ஓடியது.

"மதுசன் 1… சேரோட செத்தவன். ராஜினி 1… அவளும். சதீஸ் 0… அவன் கனடாவில."

விரல் நின்றது.

"மேனுகா… 0."

என் போன் அடித்தது. அம்மா.

"பிள்ளை, அவன் எத்தினை மணிக்கு வருவான்? கோழி அடிக்கச் சொல்லட்டோ?"