மானகிரியில் செய்த பாய்மரப் படகு

இன்று மாடியில் தண்ணீர்த் தொட்டியின் விரிசலை அடைக்க வந்தவர் ரெசின் பசையைக் கலக்கினார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் மானகிரியில் இருந்த எங்கள் படகுப் பட்டறை நினைவுக்கு வந்தது.

அப்பா வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அங்கே ஃபைபர் கிளாஸில் பாய்மரப் படகு செய்யத் தொடங்கினார். படகு அச்சில் ரெசின் தடவிக் கண்ணாடி இழையை ஒட்டுவது அம்மாவின் வேலை. அவள் கைகள் எப்போதும் அரித்துச் சிவந்திருக்கும்.

முதல் படகை லாரியில் ஏற்றித் தொண்டிக்குக் கொண்டுபோனோம். வாங்குவதாகச் சொல்லியிருந்த மீனவர் சூசை அதைத் தட்டிப் பார்த்தார்.

“செஞ்சவுக யாராச்சும் ஏறுங்க. ஒரு சுத்துப் போயிட்டு வருவோம். அப்பறம் வாங்குறேன்.”

நீச்சல் தெரியாத அப்பா தயங்கி நின்றார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

“பாயை விரிங்கண்ணே” என்றாள்.

அரை மணி நேரத்தில் திரும்பினார்கள். படகுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. சூசை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அப்பா மெதுவாகக் கேட்டார், “ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. ஓட்டை இல்லைன்னு தெரியும்.”

எஞ்சின் படகுகள் பெருகிப் பட்டறையை மூடும்வரை, ஒவ்வொரு புதுப் படகிலும் அம்மாதான் முதலில் ஏறினாள். கடைசிவரை அவள் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை.