ஹம்பர் காரின் நாலு சுவிசேஷகர்

என் அக்கா புளோறன்சின் புருஷன் ஹியூபேட் அத்தான், கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். கொட்டாஞ்சேனையில் அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய காரைத் தெரியும். தேயிலைக் கம்பெனித் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஹம்பர் அது. தோல் சீற், பளபளக்கும் மரப்பலகையில் மணிக்கூடு, நாலு பேர் தாராளமாக இருக்கக்கூடிய பின்பக்கம். எங்கள் ஒழுங்கைக்குள் அது திரும்பி முடிப்பதற்குள் ஒரு பூசை முடிந்துவிடும்.

ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான். டயர் மாற்ற மட்டும் அத்தானுக்கு மனம் வராது. கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன், அது பாசம். கார் மந்திரித்த அன்று சுவாமியார் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியே தீர்த்தம் தெளித்தாராம். அன்றைக்கே இவர் நாலு டயருக்கும் சுவிசேஷகர்களின் பெயரை வைத்துவிட்டார்: மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். டிக்கியில் கிடக்கும் ஸ்பெயர் டயருக்குப் பேதுரு என்ற பெயர் பிறகு வந்தது. வேதாகமத்துப் பேதுருவைப் போலவே, மூன்று தரம் தேவைப்பட்டபோது மூன்று தரமும் காற்றில்லாமல் மறுதலித்தவர் அவர்.

நாலாவது தரம் மறுதலித்தது எழுபத்தெட்டாம் ஆண்டு மடு மாதா கோயில் திருநாளுக்குப் போகும்போது. கலா ஓயாக் காட்டுக்குள் லூக்கா வெடித்தார். பேதுருவை இறக்கினால் அவர் வழக்கம்போல் சப்பளிந்து கிடந்தார். அக்கா திருநாள் சேலையோடு வெயிலில் காய்ந்து, கடைசியில் பூசணிக்காய் ஏற்றிவந்த லொறியில் வீடு திரும்பினா. வாசலில் இறங்கி, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னா:

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரத்திலயும் ஏறலாம். உங்கட காரில மட்டும் நான் இனி ஏறமாட்டன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஞாயிறு பூசைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போவா. பக்கத்தில் அத்தான் ஹம்பரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வருவார், முன்சீற் வெறுமையாக இருக்கும். தெருவுக்கே அது வேடிக்கை. எனக்கும்தான் முதலில் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் அவர், "மச்சான், புளோறி ஏறாத காரை வச்சு நான் என்ன செய்ய?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. அதற்கு முந்தி ஒரு டயர் வேண்டுமென்றால் பேர்மிட்டுக்கு அலைய வேண்டும், கிடைத்ததைக் கும்பிட்டு வாங்க வேண்டும். இப்போது இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான், இந்தியா, சீமை என்று டயர்கள் கூரைமட்டும் ஏறிக் கிடந்தன. தெரிவு வந்ததும் மனிசனுக்கு விசர் பிடித்தது. கடை கடையாக என்னையும் இழுத்துக்கொண்டு திரிந்தார். டயரை நகத்தால் கீறுவார், மோந்து பார்ப்பார், விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பலாப்பழமா வாங்குகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "கோக்கத மாத்தயா?", எது வேண்டும் ஐயா என்று, முதல் நாள் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்ட கடைக்காரர்கள் பிறகு எங்களைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள்.

கடைசியாக ஒரு கடையில், அந்த அகன்ற சில்லுக்குப் பொருந்துகிற இரண்டு வகை அகப்பட்டன. ஒன்று ஜப்பான் டயர், பக்கவாட்டில் வெள்ளைக் கரை போட்டது. அதைப் பூட்டினால் ஹம்பர் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். மற்றது இந்தியச் சாமான், தனிக் கறுப்பு, தடித்த சுவர், ஜீப்புக்குப் போடுகிற வடிவு. அத்தான் கைலேஞ்சியை எடுத்து வெள்ளைக் கரையைத் துடைத்தார். பிறகும் துடைத்தார். வாங்கப் போகிறார் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் அவர் கறுப்பு டயரில் கையை வைத்து, "இது வெடிக்குமோ?" என்று முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டார். கல்லில் ஏறினாலும் வெடிக்காது என்றார் முதலாளி.

"அப்ப இதுதான்."

"என்ன அத்தான், பட்டுவேட்டிக்கு றபர் செருப்போ?" என்றேன்.

"பட்டுவேட்டி ஆருக்கு வேணும்? புளோறி ஏறினாக் காணும்."

நாலையும் பூட்டத் தொடங்கினார்கள். பேதுருவை மட்டும் ஒட்டுப் போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று அத்தான் கெஞ்சினார். முதலாளி உள்ளே தடவிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அத்தான் தொங்கிய முகத்தோடு கடை போனை எடுத்தார். எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அலவியிடம்தான் வீட்டுக்குச் செய்தி சொல்லுவது.

"அலவி, வீட்டில ஒருக்காச் சொல்லிவிடு. பேதுருவுக்கு இனி ஒண்டும் செய்ய ஏலாதாம். பாத்தவர் கையை விரிச்சிட்டார். மற்ற அலுவலை முடிச்சுக்கொண்டு வாறம்."

மறுமுனையில் அலவி, சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லுகிற "இன்னா லில்லாஹி"யை ஓதியது எனக்கும் கேட்டது.

"நல்ல மனிசன், ஒரு டயருக்கே எவ்வளவு கவலைப்படுறான்" என்று அத்தான் போனை வைத்தார்.

அலவிக்குத் தெரிந்த பேதுரு ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டுப் பேதுரு அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், கலியாணம் கட்டாதவர், அக்காவின் மூத்த பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அந்தக் கிழமை அவர் பெரியாஸ்பத்திரியில் ஹேர்னியா ஒப்பரேஷனுக்குப் படுத்திருந்தார். அலவி துக்கத்தில் கடைக் கதவைப் பாதி சாத்தினான். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னான். அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அக்காவின் காதுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது அதில் அத்தானும் இல்லை, பஞ்சிகாவத்தையும் இல்லை. பேதுரு அண்ணன் போய்விட்டார் என்பது மட்டும் இருந்தது.

நாங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆர் செத்தது என்று கேட்கக் கண்ணாடியை இறக்குவதற்குள் அக்கா ஓடிவந்தா. முன்கதவைத் திறந்து ஏறி, பொத்தென்று இருந்தா.

"கெதியா ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. பேதுரு அண்ணன் போயிட்டாராம். ஒருத்தருமில்லாத மனிசன்."

"புளோறி, டயர் புதுசு..." என்று தொடங்கினார் அத்தான்.

"டயரும் மண்ணாங்கட்டியும். எடுங்கோ காரை."

எடுத்தார். அக்கா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு விக்கி விக்கி அழுதா. ஆமர் வீதி கடந்ததும் அத்தான், "ஆர் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். "அலவிதானாம் முதல் சொன்னது" என்றா அக்கா. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் அத்தானும் பின்சீற்றிலிருந்த நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் வாயெடுக்கப் போனேன், அவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக வெறுமையாகக் கிடந்த சீற். உண்மையைச் சொன்னால் அக்கா அந்த இடத்திலேயே இறங்கி நடந்தாலும் நடப்பா.

ஆனால் அக்காவின் அழுகை நிற்கவில்லை. மருதானை தாண்டியதும் அத்தான் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"புளோறி, அண்ணன் சாகேல்லை. செத்தது ஸ்பெயர் டயர்."

அக்கா அவரையே பார்த்தா. மூக்கைத் துடைத்தா. கதவைத் திறந்து இறங்கினா. அத்தான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அக்கா காரைச் சுற்றி நடந்து நாலு டயரையும் பார்த்துவிட்டு அவருடைய கதவுப் பக்கம் வந்தா.

"வடிவானது ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது. வெள்ளைக் கரை போட்டது."

"பின்னை?"

"இதுதான் வெடிக்காதாம்."

ஒரு பஸ் எங்களைப் பார்த்து ஹோன் அடித்துக்கொண்டு போனது. அக்கா திரும்ப வந்து ஏறிக் கதவைச் சாத்தினா.

"ஆஸ்பத்திரிக்கே விடுங்கோ. இவ்வளவு அழுதிட்டு அந்த மனிசன்ர முகத்தைப் பாக்காமல் போகேலாது."

பேதுரு அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுத் தையல் நோகச் சிரித்தார். தெருவில் கொடி கட்டினார்கள் என்றதும் எந்த மூலை தொடக்கம் எந்த மூலை வரைக்கும் என்று விசாரித்துத் திருப்திப்பட்டார்.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா முன்சீற்றில் ஏறிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தா.

"காலிமுகக் கடற்கரையாலை போங்கோ" என்றா.

பெரியாஸ்பத்திரியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அது வழியே இல்லை. அத்தான் கடல் பக்கம் திருப்பினார்.